எம்.ஜி.ஆர். போஸ்டரை ஏலத்தில் கேட்பதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். அப்பா 1960ல் பிறந்தவர், சின்ன வயதிலிருந்தே எம்.ஜி.ஆர். ரசிகர். அவருடைய பிறந்தநாளுக்குப் பழைய போஸ்டர் ஒன்று வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறீர்கள். வருகிற ஞாயிறு நடக்கும் இணைய ஏலம் ஒன்றில் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ போஸ்டர் வந்திருக்கிறது. “1965, ஒரிஜினல்” என்று போட்டு, ஆரம்ப விலை 25,000 ரூபாய் வைத்திருக்கிறார்கள். நீங்கள் இதுவரை ஏலத்தில் எதையும் எடுத்ததில்லை. கேட்கலாமா, எவ்வளவு வரை போகலாம், எதைப் பார்த்து நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது 1965ம் வருட போஸ்டர் இல்லை. அதற்காகப் போலி என்றும் சொல்ல மாட்டேன். மேலே “புரட்சித் தலைவர் எம்.ஜி.ஆர்.” என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது பாருங்கள், அதுதான் விஷயம். 1965 பொங்கலுக்குப் படம் வந்தபோது அவர் மக்கள் திலகம், புரட்சி நடிகர். ‘புரட்சித் தலைவர்’ என்று அவரை அழைக்கத் தொடங்கியது 1972 அக்டோபரில் அவர் தனிக்கட்சி கண்ட பிறகு. ஆகவே இது 1972க்குப் பின்னால் படத்தை மறுபடி திரையிட்டபோது அடித்த போஸ்டர். ‘ஒரிஜினல்’ என்ற சொல் நம் ஊர் ஏலப் பட்டியல்களில் இரண்டு பொருளில் புழங்குகிறது. தியேட்டருக்காக அச்சடித்தது, பிற்காலத்து நகல் அல்ல என்பது ஒன்று. முதல் வெளியீட்டின்போது அச்சடித்தது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விற்பவர் முதல் பொருளில் சொல்லியிருக்கலாம், நீங்கள் இரண்டாவது பொருளில் படித்துவிடுவீர்கள்.

ஹாலிவுட் போஸ்டர் சேகரிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே 1940 வாக்கிலிருந்து 1980கள் வரை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம்தான் பெரும்பாலான போஸ்டர்களை அச்சடித்துத் தியேட்டர்களுக்கு அனுப்பியது. ஒவ்வொன்றின் அடியிலும் வருடமும் வரிசை எண்ணும் இருக்கும். மறுவெளியீடு என்றால் எண்ணுக்கு முன்னால் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். நம் போஸ்டர்களுக்கு அப்படி எந்தப் பதிவும் கிடையாது. ஆனால் தமிழ் போஸ்டரில் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. படிக்கத் தெரிந்தால் அதுவே தன் வயதைச் சொல்லிவிடும்.

பட்டங்களிலிருந்து தொடங்குங்கள். சிவாஜிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 1966ல், செவாலியே 1995ல். ‘பத்மஸ்ரீ சிவாஜி கணேசன்’ என்று போட்ட போஸ்டர் ‘பராசக்தி’யின் 1952 வெளியீடாக இருக்க முடியாது. ரஜினி பெயருக்கு முன்னால் ‘சூப்பர் ஸ்டார்’ வந்தது 1978ல், ‘பைரவி’யைச் சென்னையில் வெளியிட்ட கலைப்புலி தாணு செய்த விளம்பரத்தில். அதற்கு முந்தைய படத்தின் போஸ்டரில் அந்தப் பட்டம் இருந்தால் அது பின்னால் அச்சடித்தது.

அடுத்தது எழுத்து. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். எழுத்துச் சீர்திருத்தத்தை 1978ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. அதற்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு எழுத்தின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னா மூன்றும் தனிக் கால் இல்லாமல் சுழித்த ஒரே எழுத்தாக இருக்கும். உங்கள் படத்தின் தலைப்பிலேயே ‘பிள்ளை’ இருக்கிறது, நல்லதாய்ப் போயிற்று. ஆனால் தலைப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மறுவெளியீட்டிலும் பழைய தலைப்பு எழுத்தை அப்படியே எடுத்துப் போடுவார்கள். கீழே பொடியாக இருக்கும் பெயர் வரிசையைப் பாருங்கள். ‘கலை’ என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அந்த ‘லை’ இன்றைக்கு நாம் எழுதுகிற மாதிரி இருந்தால் 1965 என்பது சந்தேகம்தான். ‘விடுதலை’ பத்திரிகை 1935லிருந்தே புது எழுத்தைப் பயன்படுத்தியது என்பதால் இதை முழு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சினிமா அச்சகங்கள் பழைய எழுத்தைத்தான் வைத்திருந்தன. அதேபோல, பழைய எழுத்து இருப்பதாலேயே 1978க்கு முந்தையது என்றும் சொல்ல முடியாது. கையால் எழுதிப் பழகிய ஓவியர்கள் அதற்குப் பிறகும் பழைய வடிவத்தை விடவில்லை.

மூன்றாவது, அடிவரி. அப்போது நடப்பில் இருந்த 1867ம் வருட அச்சகச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் எந்தத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் போஸ்டரின் கீழ் ஓரத்தில் சிவகாசி அச்சகத்தின் பெயரோ சென்னை அச்சகத்தின் பெயரோ எறும்பு வரிசையாக ஓடும். ஏலப் பட்டியல் படங்களில் பெரும்பாலும் இந்த ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். விடாமல் கேட்டு வாங்குங்கள். அதில் முகவரி இருந்தால் இன்னும் நல்லது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. அதற்கு முன் ‘சென்னை-2’ என்றுதான் போடுவார்கள். ‘600 002’ என்று இருந்தால் அது 1965 இல்லை. சென்சார் குறியையும் பாருங்கள். ‘யு/ஏ’ என்ற பிரிவு வந்ததே 1983ல். ‘புத்தம் புதிய காப்பி’ (புதிதாக எடுத்த பிரதி) என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மறுவெளியீடுதான்.

இதுவரை சொன்னது எந்த வருடம் என்று கண்டுபிடிக்க. இனி நகலா இல்லையா என்பது. இதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று போதும், ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும். பழைய ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும். கையால் வரைந்து அடித்த லித்தோவில், அதாவது கல்லச்சில், புள்ளி வரிசை இருக்காது, சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்த மாதிரி சொரசொரப்பு தெரியும். இன்றைய இங்க்ஜெட் நகலில் புள்ளிகள் தூசி தெளித்த மாதிரி சிதறிக் கிடக்கும். மடிப்பையும் பார்க்க வேண்டும். பழைய போஸ்டரில் மடித்த இடத்தில் மை உதிர்ந்து வெள்ளைக் காகிதம் தெரியும், விரலால் தடவினால் தட்டுப்படும். நகலில் மடிப்பும் சேர்ந்தே அச்சாகியிருக்கும், கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. போஸ்டர் காகிதம் மெல்லியது. ஒரு பக்கம் வழவழப்பாகவும் பின்பக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். ஐம்பது வருடத்தில் ஓரமெல்லாம் பழுப்பேறி இருக்க வேண்டும். பளீரென்று வெள்ளையாக, கனமாக, இரண்டு பக்கமும் வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கள்ள நோட்டு பார்க்கிற புற ஊதா விளக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் பரவலானது 1950களில்தான். 1940களின் போஸ்டர் அந்த விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் எடுக்காதீர்கள். உங்கள் 1965க்கு இந்தச் சோதனை உதவாது.

பழைய தமிழ் போஸ்டர்கள் ஏன் இவ்வளவு அரிது என்று புரிந்தால் விலையும் புரியும். போஸ்டர் ஒட்டுவதற்கென்றே பிறந்தது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்து சுவரில் ஒட்டிவிட்டால் அப்புறம் அதை உரிக்க முடியாது. மழை கரைக்கும், மாடு தின்னும், அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மேல் இன்னொரு போஸ்டர் ஏறும். இன்று நமக்குக் கிடைப்பவை ஒட்டாமல் மிஞ்சியவை. மீரான் சாகிபு தெரு விநியோகஸ்தர்களின் அலுவலகப் பரண், அச்சகத்து மூலை, தியேட்டர் கிடங்கு, இப்படி எங்கேயோ கட்டுக்கட்டாகக் கிடந்தவை. அண்ணா சாலையிலும் அதன் பக்கத்திலும் இருந்த பிளாசா, சித்ரா, கெயிட்டி, வெலிங்டன் தியேட்டர்கள் ஒவ்வொன்றாக மறைந்தபோது எவ்வளவு காகிதம் எடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரியும். 1985ல் மூர் மார்க்கெட் எரிந்தபோது போனது வேறு. 1973ல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வந்தபோது சென்னையில் சுவரொட்டிக்கு இருந்த நெருக்கடியால் ஸ்டிக்கர் அடித்து ஒட்டினார்கள். அந்த ஸ்டிக்கர் ஒன்று ஒட்டாமல் கிடைத்தால் அதுவே பெரிய பொக்கிஷம்.

உலக அளவிலும் இதே கணக்குதான். 1927ல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் ஜெர்மன் போஸ்டர் 2005ல் 6,90,000 டாலருக்குக் கைமாறியது. ‘டிராகுலா’வின் 1931ம் வருட போஸ்டர் 2017ல் டல்லாஸ் நகரத்து ஏலத்தில் 5,25,800 டாலருக்குப் போனது. புகழ்பெற்ற படங்கள், ஆனால் போஸ்டரோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது. மறுவெளியீட்டு போஸ்டர்களுக்கு இந்த அருமை அவ்வளவு இல்லை.

சரி, ஏலத்துக்கு வருவோம். சென்னையில் ஏலம் என்றால் பழைய ஆட்களுக்கு முர்ரே கம்பெனிதான் நினைவுக்கு வரும். அங்கே பெரும்பாலும் மேசை நாற்காலி, பீரோ, கடிகாரம். சினிமாக் காகிதத்தை முறையாகப் பட்டியலிட்டு ஏலம் விட்டவர்கள் மும்பையின் ஓசியான்ஸ் மாதிரி நிறுவனங்கள். இப்போது எல்லாமே இணையத்தில் நடக்கிறது. ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று கூவுகிற இடத்தில் கடிகாரம் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பல இடங்களில் கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். அந்த நேரத்தில் கை தானாகப் பொத்தானை அழுத்தும். அதனால் உங்கள் உச்ச விலையை முந்தைய நாளே ஒரு தாளில் எழுதி வையுங்கள். முடிந்தால் அந்தத் தொகையையே முன்கூட்டிப் பதிவு செய்துவிட்டு, ஏல நேரத்தில் வேறு வேலை பாருங்கள். மற்றவர் கேட்கக் கேட்க உங்கள் சார்பில் கணினியே அந்த உச்சம் வரை ஏற்றிக்கொண்டு போகும்.

அந்த உச்சத்தை எழுதும்போது சுத்தியல் விழும் விலையை, அதாவது ஏலம் முடிகிற விலையை, மட்டும் நினைக்காதீர்கள். முதல்முறை வாங்குகிற பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஏல நிறுவனம் வாங்குபவரிடமிருந்தும் ஒரு கமிஷன் வாங்கும், அதற்கு பையர்ஸ் பிரீமியம் என்று பெயர். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உதாரணத்துக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40,000 ரூபாய்க்கு உங்களுக்கு விழுந்தால் கமிஷன் 8,000. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,440. ஆக 49,440. பொருளின் விலைக்கே தனி வரி உண்டா என்று விதிமுறைகளில் பாருங்கள். அதன்மேல் பேக்கிங், கூரியர், காப்பீடு. கையில் 40,000 இருக்கிறது என்றால் நீங்கள் கேட்கக்கூடியது ஏறக்குறைய 31,000தான். வெளிநாட்டு ஏலம் என்றால் சுங்க வரியும் சேரும்.

சட்டம் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 1930ம் வருடப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64ம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. சுத்தியல் விழும்வரை நீங்கள் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம் என்கிறது அது. விற்பவர் தானே ஏலம் கேட்கும் உரிமையை முன்கூட்டி அறிவிக்காமல் ஆள் வைத்து விலை ஏற்றினால், அந்த விற்பனையை வாங்கியவர் மறுக்கலாம் என்றும் இருக்கிறது. ஆனால் இணைய ஏலங்களில் நீங்கள் ‘சம்மதம்’ என்று அழுத்துகிற விதிமுறைகளில் “கேட்ட விலையைத் திரும்பப் பெற முடியாது”, “பொருள் உள்ளது உள்ளபடியே” என்ற வரிகள் இருக்கும். போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாத இடத்தில் நான் கேட்பதில்லை.

நிலைமை அறிக்கையை, அதாவது கண்டிஷன் ரிப்போர்ட்டை, எழுத்தில் வாங்குங்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் ஏலத்தில், முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து, ‘நல்ல நிலை’ என்ற இரண்டு சொல்லை நம்பி 1950களின் போஸ்டர் ஒன்றை எடுத்தேன். பிரித்துப் பார்த்தால் பிளைவுட் பலகையில் ஃபெவிகால் போட்டு ஒட்டியிருந்தார்கள். காகிதத்தைக் காப்பாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், உரித்தால் கிழியும் என்று கைவிரித்துவிட்டார். ஏலக்காரர் “பின்பக்கம் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லையே” என்றார். அந்த போஸ்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. பலகையில் இருக்கும் அமிலம் ஏறி ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கறுத்துக்கொண்டே போகிறது, பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அதிலிருந்து பின்பக்கப் படம் இல்லாமல் நான் எதையும் கேட்பதில்லை. ஊசித்துளை, ஓரக் கிழிசல், மடிப்பு, பழைய தியேட்டர் முத்திரை இவையெல்லாம் பெரிய குறை அல்ல. முகத்தின் மேல் கிழிசல், நிறம் தொட்டுச் சரிசெய்தது, ஓரம் வெட்டியது, இவை விலையைப் பாதியாக்கும். லாமினேட் செய்திருந்தால் சேகரிப்பாளருக்கு அது வேண்டாத பொருள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்க வழி கிடையாது. பின்னால் துணி ஒட்டி வலுப்படுத்தியது என்றால் வேறு விஷயம். ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் வைத்து முறையாகச் செய்திருந்தால் தண்ணீரில் பிரித்துவிடலாம், அது ஏற்கத்தக்கது.

அளவும் கேளுங்கள். தமிழ் போஸ்டர்களில் அதிகம் பார்ப்பது 30க்கு 40 அங்குலம், அதில் பாதி 20க்கு 30. பெரிய போஸ்டர்கள் பல தாள்களைச் சேர்த்து ஒட்டுவதற்காக அச்சடித்தவை, ஒரு தாள் குறைந்தாலும் பயனில்லை. உங்கள் பட்டியலில் அளவே போடவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் சேர்த்தது. பாட்டுப் புத்தகங்கள், சினிமா நோட்டீஸ்கள் என்று அவர் அள்ளி வைத்திருக்கிறார். முறைப்படி அனுமதி கேட்டுப் போய் 1960களின் அச்சுத் தாளை ஒருமுறை கண்ணால் பாருங்கள். அந்த மை, அந்தப் பழுப்பு, அந்த எழுத்து எல்லாம் மனதில் பதிந்துவிடும், அதன்பின் நகல் உங்களை ஏமாற்ற முடியாது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் மாதிரி ஒரு மனிதர் இருந்து ஸ்டில்லும் தகவலும் சேர்த்து வைத்ததால்தான் தமிழ் சினிமாவின் பாதி வரலாறு பிழைத்தது. அவருடைய சேகரிப்பை 2002ல் தமிழக அரசு வாங்கியது. நாம் வாங்குகிற ஒரு போஸ்டரும் அந்த வேலையின் ஒரு துளிதான் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் அதைக் கெடுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரேம் போடும் கடையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அமிலமில்லாத அட்டை வேண்டும், கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது, பசையோ செல்லோடேப்போ கூடாது என்று நின்று சொல்லிச் செய்யுங்கள். வெயில் படாத சுவர், அதுவும் வெளிச்சுவராக இல்லாமல் உள்சுவராக இருந்தால் ஈரம் ஏறாது. தரையோடு வைக்கவே வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவரின் முப்பது வருடச் சேகரிப்பு கீழ்த்தட்டில் இருந்ததாலேயே கூழாகிப் போனது.

இப்போது உங்கள் போஸ்டர். 1965 என்ற விலைக்கு அதை வாங்காதீர்கள். 25,000 என்பது முதல் வெளியீட்டை மனதில் வைத்துப் போட்ட ஆரம்ப விலை, இதற்கு அதிகம் என்பது என் கருத்து. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். படம் வந்தபோது அப்பாவுக்கு நாலைந்து வயது. அவர் விவரம் தெரிந்து பார்த்தது எழுபதுகளில், ஏதோ ஒரு தியேட்டரில், மறுபடி ஓட்டியபோதாகத்தான் இருக்கும். அப்படியென்றால் அவர் சுவரில் பார்த்து நின்ற போஸ்டர் இந்த ரகம்தான். எந்தத் தியேட்டரில் பார்த்தார் என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏல நிறுவனத்துக்கு எழுதி, பட்டம் இப்படி இருக்கிறது, இது மறுவெளியீடு, பட்டியலைத் திருத்துங்கள் என்று கேட்பேன். நல்ல நிறுவனம் திருத்தும், பல நேரம் ஆரம்ப விலையையும் இறக்கும். இறக்கவில்லையென்றால் விட்டுவிடலாம், எம்.ஜி.ஆர். பட மறுவெளியீட்டு போஸ்டர்கள் அடிக்கடி வருகின்றன. கூடவே அதே படத்தின் 1965ம் வருடப் பாட்டுப் புத்தகம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். சின்னது, விலை குறைவு, கதைச் சுருக்கமும் பாட்டும் இருக்கும், போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. அப்பா அதைப் புரட்டிப் பாடவும் செய்வார்.

ஏலத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. இன்றைக்கே நாலு விஷயம் கேட்டு எழுதுங்கள்: பின்பக்கப் படம், அடி ஓரத்தை நெருக்கமாக எடுத்த படம், அளவு, பழுது பார்த்த விவரம். வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், அந்த அச்சக வரியை நானும் படித்துப் பார்க்கிறேன்.